எண்ணாமல் கொடுத்த கட்டு

2016 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. பழைய ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. வங்கிகளுக்கு அன்று விடுமுறை கிடையாது. ஆராதனைக்குப் போகாமல் எட்டு மணிக்கே கிளைக்குப் போனேன். வரிசை அப்போதே தெருமுனையைத் தாண்டியிருந்தது.

நான் ஹெட் கேஷியர். இரண்டாவது கவுன்டரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். மதியம் அவரிடம் நோட்டு தீர்ந்துவிட்டது. பிரித்து வைத்திருந்த இரண்டாயிரம் ரூபாய்க் கட்டு ஒன்றை மெஷினில் போடாமல் அப்படியே நீட்டினேன். அவரும் எண்ணவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அத்தனை கைகள்.

ராத்திரி கணக்கு முடித்தபோது அவரிடம் எட்டாயிரம் குறைந்தது.

"எண்ணித்தானே கொடுத்தீங்க?" என்றார் மேனேஜர்.

"எண்ணித்தான் சார் கொடுத்தேன்."

சேவல் கூவுமுன் பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தான். எனக்கு ஒரு முறையே போதுமானதாக இருந்தது. சேவலும் கூவவில்லை. பணம் குறைந்தால் கேஷியர் கைக்காசைப் போட வேண்டும், அந்தப் பெண் மறுநாள் கட்டிவிட்டார். அந்த வாரமே அவர் காதில் தங்கக் கம்மல் போய் கவரிங் தோடு வந்திருந்தது.

அவர் மாற்றலாகிப் போன பிறகும் அந்தத் தோடு என்னை விடவில்லை. ஞாயிறுதோறும் பாவ அறிக்கை செய்தேன். சபையோடு சேர்ந்து சொல்வதில் ஒரு வசதி, யாருக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு எட்டாயிரத்தை உறையிலிட்டுக் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். ஒரு வாரம் நிம்மதி, அப்புறம் பழையபடிதான்.

2019இல், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் மத்தேயு 5ஆம் அதிகாரம் வாசித்தார்கள். 'உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று' நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிற இடம். எத்தனையோ முறை கேட்டதுதான். அன்று 'குறை' என்ற சொல் கேஷியர் காதில் விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை அவருடைய கிளைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்று சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை.

"அன்னைக்கே ஏன் சார் சொல்லலை?"

"பயம்மா."

வேறு எதுவும் கேட்கவில்லை. உறையைப் பிரித்தார். கட்டைவிரலைப் பஞ்சில் தொட்டு, ஐநூறு ரூபாய் நோட்டுகளை என் கண்ணெதிரே ஒவ்வொன்றாக எண்ணினார். பதினாறு. மறுபடி திருப்பி எண்ணினார்.

"சரியா இருக்கு சார்."