பிலாத்து இருந்தான், சரி

இயேசு வாழ்ந்த திருநாட்டைப் பார்க்கும் பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது என்னிடம் பக்தியைவிடப் பிடிவாதம்தான் அதிகம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. அம்மா இறந்த வருடத்தோடு நிறுத்தினான். "எல்லாம் பின்னால யாரோ உட்கார்ந்து எழுதின கதைண்ணே" என்பது அவன் கட்சி. நான் முப்பது வருடம் பழைய பத்திரங்களைச் சரிபார்க்கிற வேலை பார்த்தவன். கதை எது, ஆவணம் எது என்று பிரித்துச் சொல்லத் தெரியும் என்று எனக்கு ஒரு நினைப்பு. போகிற இடத்தில் கல்லையும் சுவரையும் நேரில் பார்த்துப் படம் எடுத்து அனுப்பி அவன் வாயை அடைக்க வேண்டும். அதற்குத்தான் போனேன்.

முதல் நாளே மூக்குடைபட்டேன்.

செசரியா, மகா ஏரோது கட்டிய துறைமுக நகரம். 1961ல் அங்குள்ள நாடக அரங்கை இத்தாலிய அகழாய்வாளர்கள் தோண்டியபோது, படிக்கட்டில் பதித்திருந்த ஒரு சுண்ணாம்புக் கல்லில் லத்தீன் எழுத்துகள் தெரிந்தன. பாதி தேய்ந்துபோன அந்த வரிகளில், இயேசுவுக்கு மரண தண்டனை கொடுத்த ரோம அதிகாரி பிலாத்துவின் பெயரும், அவன் யூதேயாவின் அதிபதி என்ற பதவியும் இருந்தன. அதுவரை அவன் பெயர் ஏடுகளில்தான் உண்டு. கல்லில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. நானும் அதன் முன்னால் நின்று நாலு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

"நெட்ல பார்த்தேன். அசல் கல்லு எருசலேம் மியூசியத்துல இருக்காம். நீ நகலைப் பிடிச்சு அனுப்பியிருக்க."

வழிகாட்டியைக் கேட்டேன். ஆமாம், இது நகல்தான் என்றார். நகலுக்கும் மூலப்பத்திரத்துக்கும் வித்தியாசம் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான்! அடுத்த செய்தி இன்னும் சுருக்கமாக இருந்தது.

"சரி, பிலாத்து இருந்தான். அதனால?"

அந்த 'அதனால' மீதிப் பயணம் முழுவதும் என் கூடவே பஸ்ஸில் வந்தது.

எங்கள் குழுவில் எழுபது தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. டீச்சர் என்றே எல்லாரும் கூப்பிட்டோம். கலிலேயாவுக்குப் போகும் வழியில் என் பக்கத்து இருக்கை அவருக்கு. நான் ஆர்வமாக ஜோசிபஸை இழுத்தேன். முதல் நூற்றாண்டு யூத வரலாற்று ஆசிரியர், கிறிஸ்தவர் அல்ல, அவரே இயேசுவைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றேன்.

"எழுதியிருக்கார். ஆனா அந்தப் பத்தியில நம்ம ஆளுங்க பின்னால கொஞ்சம் சேர்த்துட்டாங்க. அதை ஒத்துக்கணும் தம்பி" என்றார் டீச்சர். "யாக்கோபைக் கல்லெறிஞ்சு கொன்னதைப் பத்தி இன்னொரு இடம் இருக்கு பாருங்க. 'கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன்'னு போற போக்குல சொல்லிட்டுப் போவார். அதுல யாரும் கைவச்ச மாதிரி தெரியல. எனக்கு அதுதான் பெரிசு. ரோம வரலாற்று ஆசிரியர் தாசித்துவையும் சேர்த்துக்கோங்க. அவருக்கு நம்மளைக் கண்டாலே ஆகாது. மூடநம்பிக்கைன்னு திட்டிக்கிட்டே, ரோமப் பேரரசன் திபேரியு காலத்துல பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்தான்னு 116 வாக்குல எழுதி வச்சிருக்கார்."

எதிர்க்கட்சிக்காரன் வாயிலிருந்து வருகிற சாட்சிக்கு எவ்வளவு மதிப்பு என்று என் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இதைத் தம்பிக்கு அனுப்பலாமே என்று குறித்துக்கொண்டேன். டீச்சர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிலாத்து கல்லைப் பார்த்துட்டு யாராவது ஞானஸ்நானம் வாங்கினதா கேள்விப்பட்டிருக்கீங்களா?"

நாசரேத்தில் கூட்டம் நெருக்கியடித்தது, அதிகம் நிற்கவில்லை. கெனேசரேத்துக் கரையில் 1986ல், வறட்சியில் ஏரி உள்வாங்கியபோது சேற்றிலிருந்து எடுத்த படகைப் பார்த்தோம். இரண்டாயிரம் வருடப் பழமை, எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். கிடைத்த மரத்தையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறான் யாரோ ஒரு ஏழை மீனவன். இயேசுவின் படகு என்று யாரும் அங்கே அளக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

கப்பர்நகூம்தான் என்னை உட்கார வைத்தது. கருங்கல் வீடுகள் நெருக்கமாக நிற்கும் சின்ன ஊர். நடுவே ஒரு வீடு. அதன் ஒரு அறைக்கு மட்டும் சுவரிலும் தரையிலும் திரும்பத் திரும்பச் சாந்து பூசியிருக்கிறார்கள். 1968ல் பிரான்சிஸ்கன் துறவிகள் தோண்டியபோது, அந்த அறையில் ஒரு காலத்துக்குப் பிறகு சமையல் பாத்திரங்களே கிடைக்கவில்லை, விளக்குகள்தான் கிடைத்தன. சுவரில் வந்து போனவர்கள் கீறிய எழுத்துகளில் இயேசுவின் பெயர் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அந்த அறையையே நடுவில் வைத்து எண்கோண ஆலயம் எழுப்பியிருக்கிறார்கள். முதல் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே அது வீடாக இருப்பது நின்று ஜெபிக்கிற இடமாக மாறிவிட்டது என்பது தோண்டியவர்களின் கணிப்பு. பேதுருவின் வீடு என்று கதவில் பெயர்ப்பலகை கிடைக்கவில்லை, கிடைக்கவும் போவதில்லை. ஆனால் யாரோ ஒரு குடும்பம் தன் வீட்டில் ஒரு அறையைச் சமைக்காமல், படுக்காமல் விட்டுக்கொடுத்திருக்கிறது. அங்கே உட்கார்ந்து வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பிக்குப் படம் அனுப்ப மறந்துபோனேன்.

எருசலேமில் முதல் வேலையாக அருங்காட்சியகம். அசல் பிலாத்து கல் முன்னால் நின்றேன். நியாயமாக ஒரு சிலிர்ப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் யாரோ குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1990ல் எருசலேமின் தெற்கே கிடைத்த கல்பெட்டி வேறு: 'காய்பாவின் மகன் யோசேப்பு' என்று பொறித்த எலும்புப் பெட்டி, தலைமை ஆசாரியன் காய்பா அவன்தான் என்று பலரும் கருதுகிறார்கள். என்னை அசைத்தது 1968ல் கிடைத்த ஒரு குதிகால் எலும்பு. சிலுவையில் அறையப்பட்ட யோகனான் என்ற மனிதனுடையது. இரும்பாணி எலும்பில் அப்படியே இருக்கிறது, முனை வளைந்து. சிலுவையில் செத்தவனைப் புதைக்கவே விடமாட்டார்கள், குழிக்குத்தான் போவான் என்று வாதம் செய்கிறவர்கள் உண்டு. இவனை வீட்டார் வாங்கிவந்து, கல்லறையில் வைத்து, பிறகு எலும்பைப் பெட்டியில் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவை அடக்கம் செய்த நாள் நினைவுக்கு வந்தது. சட்டென்று வெளியே வந்துவிட்டேன்.

கல்லறை என்று இரண்டு இடம் காட்டுகிறார்கள். மதிலுக்கு வெளியே உள்ள தோட்டக் கல்லறை, மரமும் அமைதியுமாக, நாம் சின்ன வயதில் ஞாயிறு பள்ளிப் படத்தில் பார்த்த மாதிரியே இருக்கும். பாதிப் பேர் மனதை அங்கேயே விட்டுவிடுவார்கள். ஆனால் அது இயேசுவுக்குப் பல நூற்றாண்டு முன்பே வெட்டிய கல்லறை என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஒருவரும் வைக்கப்படாத புதிய கல்லறை என்று யோவான் சொல்வதோடு அது ஒத்துப்போகாது. மனதுக்குப் பிடித்தது வேறு, சான்று சொல்வது வேறு. எனக்கும் கொஞ்சம் வருத்தம்தான்.

மற்றது திருக்கல்லறை ஆலயம். புகை, கூச்சல், ஆறு சபைகளின் பங்காளிச் சண்டை. சான்று என்னவோ இதன் பக்கம்தான். கி.பி. 30 வாக்கில் அந்த இடம் மதிலுக்கு வெளியே இருந்த பழைய கல்குவாரி. பக்கத்திலேயே அந்தக் காலத்து யூதக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. பிறகு ரோமப் பேரரசன் ஆத்திரியான் அங்கே ரோமக் கோயில் கட்டினான். பின்னால் வந்த பேரரசன் கான்ஸ்டன்டைன் அதை இடித்துக் கட்டிய ஆலயத்தை 335ல் பிரதிஷ்டை செய்தார்கள். 1009ல் கலீபா அல்ஹாக்கிம் இடித்துப்போட, மறுபடி எழும்பியது. 2016 அக்டோபரில் கல்லறையை மூடியிருக்கும் பளிங்குப் பலகையைத் திறந்து அடியிலிருந்த சாந்தைச் சோதித்தபோது 345 வாக்கு என்று வந்தது. அதாவது கான்ஸ்டன்டைன் காலத்தவர் காட்டிய இடமே இன்று நாம் காண்கிற இடம். அவர்கள் சரியாகக் காட்டினார்களா என்பதைச் சாந்து சொல்லாது.

வரிசையில் ஒன்றரை மணி நேரம். நின்றபடியே பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை அசைபோட்டேன். சிலுவை நடந்து இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதிய கடிதம். உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டு, ஐந்நூறு பேருக்கு மேல் கண்டார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்கிறார். பொய்ப் பத்திரம் எழுதுகிறவன் செத்துப்போனவர்களைத்தான் சாட்சியாகப் போடுவான். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சுவிசேஷங்களிலும் கல்லறைக்கு முதலில் போனவர்கள் பெண்கள். பெண் சாட்சிக்கு மதிப்பில்லாத காலத்தில் கதை கட்டுகிறவன் அப்படி எழுதியிருக்க மாட்டான். இந்த இரண்டையும் நான் எந்த வழக்கிலும் தைரியமாக எடுத்து வைப்பேன்.

குனிந்து உள்ளே போனேன். மூன்று பேர் மண்டியிடத்தான் இடம். பளிங்கின்மேல் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. ஒரு வார்த்தைகூட வரவில்லை. துறவி வெளியிலிருந்து தட்டி அவசரப்படுத்தினார். வந்துவிட்டேன்.

கடைசி நாள் பெதஸ்தா. சிங்க வாசலுக்கு உள்ளே, அன்னாள் ஆலயத்தை ஒட்டி. ஐந்து மண்டபங்களுள்ள குளம் என்று யோவான் எழுதியதை, மோசேயின் ஐந்து நூல்களுக்கு அடையாளமாகக் கற்பனையில் சொன்னது என்று ஒரு காலத்தில் சில அறிஞர்கள் ஒதுக்கிவைத்தார்கள். தோண்டிப் பார்த்தால் ஒன்றல்ல, இரண்டு குளம், நடுவே தடுப்புச்சுவர். சுற்றி நாலு மண்டபம், நடுச்சுவர்மேல் ஒன்று. ஐந்து சரியாக வருகிறது. எருசலேம் இடிந்துபோவதற்கு முன்பு இந்த ஊரை அறிந்தவர்களிடமிருந்து வந்த விவரம்தான் அது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ஆழத்தை எட்டிப் பார்த்தேன். தம்பிக்கு அனுப்ப இதைவிட நல்ல படம் கிடையாது என்று போனை எடுத்தேன்.

அந்த நேரம் போதகர் ஐயா யோவான் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் வியாதியாய்க் கிடந்தவன். அவனிடம் இயேசு கேட்கிறார்: "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?" எத்தனையோ தடவை கேட்ட வசனம். அன்றைக்குத்தான் கவனித்தேன், அந்த மனிதன் 'ஆம்' என்று சொல்லவே இல்லை. காரணம் சொல்கிறான். கொண்டுபோய் விட ஆளில்லை, எனக்கு முன்னே இன்னொருவன் இறங்கிவிடுகிறான் என்கிறான். குளத்தைப் பற்றிய எல்லா விவரமும் அவனுக்குத் தெரியும்.

போனைச் சட்டைப்பையில் போட்டேன்.

அம்மாவுக்காக ஐந்து மாதம் வீட்டில் ஜெபம் நடத்தியவன் நான். நடத்தியது நான், நின்றுபோனவன் தம்பி என்றுதான் ஊருக்குக் கணக்கு. அம்மா போன பிறகும் ஆலயத்துக்குப் போனேன், கமிட்டியில் இருந்தேன், கேட்டால் சபை முன்னால் ஜெபம்கூடச் செய்தேன். ஆனால் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருநாளும் இல்லை. ஆறு வருடம். அந்த இடத்தில் புத்தகங்களை அடுக்கி வைத்தேன்.

எல்லாரும் அன்னாள் ஆலயத்துக்குள் போனார்கள். சிலுவைப்போர் காலத்துக் கட்டடம். அங்கே மெல்லப் பாடினாலும் சத்தம் மேலே போய்ச் சுற்றிச் சுற்றி இறங்கும். டீச்சர் முதலடி எடுத்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். சுவிசேஷத்தில் ஒரு பிள்ளையின் தகப்பன் இயேசுவிடம் கண்ணீரோடு சொன்ன வாக்கியம் மட்டும் வந்தது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நடுவில் அம்மாவை ஏன் எடுத்துக்கொண்டீர் என்று கேட்டேன், கோபமாகவே. பதில் வரவில்லை. ஆனால் நான் பேசிக்கொண்டிருப்பது யாரோ ஒருவரிடம் என்பதில் எனக்கு அப்போது சந்தேகம் இல்லை. அதற்கு என்னிடம் கல்லும் இல்லை, சாந்தும் இல்லை.

வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டேன். "என்னண்ணே, இன்னிக்கு எந்தக் கல்லு?" என்றான்.

"கல்லு இல்லடா. அம்மா போனதுல இருந்து நானும் ஜெபம் பண்ணல. இன்னிக்குத்தான் பண்ணினேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அப்ப இத்தனை போட்டோ யாருக்குண்ணே அனுப்பின?" என்றான்.