குறட்டை நின்றால்தான் எனக்குப் பயம்

என் வீட்டுக்காரருக்குக் களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிப்போகும் வேலை. சொந்தமாக ஒரு மினி லாரி. குறட்டை கல்யாணமான நாளிலிருந்தே உண்டு, அதோடு பழகிவிட்டேன். பழகாதது நடுவில் வரும் அமைதி. சட்டென்று சத்தம் நின்றுவிடும். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், மூச்சு மட்டும் வராது. நான் இருட்டில் எண்ணிக்கொண்டே கிடப்பேன். ஒருநாள் 26 வரை எண்ணினேன். அப்புறம் ஒரு திணறல், புரண்டு படுப்பார். காலையில் கேட்டால் ஒன்றும் தெரியாது.

நாங்குநேரி டோல்கேட் வரிசையில் ஸ்டியரிங்கிலேயே கண்ணசந்து, பின்வண்டி ஹாரனில்தான் முழித்தாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

விஷயத்தைப் பிடித்தது ஒரு பல் டாக்டர். கடைவாய்ப் பல்லில் சில்லு பெயர்ந்துவிட்டது என்று வள்ளியூருக்குப் போயிருந்தோம். சின்ன வயசுப் பெண். வாயைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “அக்கா, அண்ணாச்சி ராத்திரி குறட்டை விடுவாகளா?” என்றார். பல்லெல்லாம் நறநறவென்று கடித்துத் தேய்ந்திருக்கிறது, நாக்கு ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறது என்றார். இவர் “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றார். நான் 26-ஐச் சொன்னேன்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, நாக்கின் அடி பின்னால் சரிந்து மூச்சு வழியை அடைக்கிறதாம். கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு குறட்டை விட்டுப் பார்க்கச் சொன்னார். நாங்கள் இரண்டு பேருமே முயன்றோம். சத்தம் எழும்பவே இல்லை! தாடையை ராத்திரி முழுக்க அப்படி நிறுத்திவைக்க, பல்லில் மாட்டிக்கொள்கிற ஒரு பிளேட் செய்யலாம் என்றார்.

ஆனால் அன்றைக்கே அளவு எடுக்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. முதலில் நுரையீரல் டாக்டரிடம் தூக்கப் பரிசோதனை. பாளையங்கோட்டையில் ஒரு ராத்திரி, உடம்பெல்லாம் ஒயர். மூச்சு மணிக்கு 5 முதல் 15 தடவை தடைபட்டால் லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. கடுமையானவர்களுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை ஊதி மூச்சு வழியைத் திறந்துவைக்கும் மிஷின்தான் முதல் வைத்தியம். இவருக்கு 19. இவருக்கும் மிஷின்தான் முதலில் கொடுத்தார்கள். தூக்கத்திலேயே மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடுவார். அப்புறம் நுரையீரல் டாக்டரே பிளேட்டுக்கு எழுதிக்கொடுத்தார்.

மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று, பக்கத்தில் பொடி ஸ்க்ரூ. வாரா வாரம் குட்டிச் சாவியால் துளி திருப்பித் தாடையை முன்னே கொண்டுவரணும். அது என் வேலை. முதல் பத்து நாள் தலையணை எல்லாம் எச்சில். காலையில் தாடை வலி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர அரைமணி நேரம் ஆகும். நாள்பட்டால் பல் வரிசை கொஞ்சம் மாறவும் வாய்ப்புண்டு, ஆறு மாசத்துக்கு ஒருமுறை வந்து காட்டணும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மூன்று மாசம் கழித்து, பிளேட்டைப் போட்டபடியே மறுபடி பரிசோதனை. 6 என்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு, தானும் குறட்டை விடுகிற கொழுந்தனார், வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்துப் பல்லுக்கு அச்சாக்கிக்கொள்கிற ரப்பர் பிளேட் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிட்டார். அதை அவரிடமிருந்து பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன். சத்தம் குறைந்து மூச்சு மட்டும் நின்றுகொண்டே இருந்தால் யாருக்குத் தெரியும்? முதலில் பரிசோதனை என்று சொல்லித் தேதி வாங்கிக்கொடுத்திருக்கிறேன். அதுவரை ஓரகத்தியை எண்ணச் சொன்னேன். நேற்று 22 என்று போனில் சொன்னாள்.