பாலிக் புலாவ் தீக்கோளம்: சிசிடிவி பதிவிலிருந்து வேகம் எடுத்தாச்சு

பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் மேற்குக் கடலைப் பார்த்த 4 மி.மீ. லென்ஸ் சிசிடிவியில் 57 ஃபிரேம் மட்டுமே விழுந்த அந்த மாலை வெளிச்சம் தீக்கோளம், அதாவது மிகப் பிரகாசமான எரிகல்தான். ராக்கெட் குப்பை இல்லை.

வேகத்துக்கு, பிக்சலை வானத்துக் கோணமாக மாற்ற வேண்டும்; அதை இழுத்தடித்தது லென்ஸ். 1920 பிக்சலை 80 பாகையால் வகுத்து, பாகைக்கு 24 பிக்சல் என்று போட்டால் நடுவில்தான் சரிவரும். ஓரத்தில் 3 பாகை வரை பிசகும். கேமராவைத் தொடாமல், அதே சட்டத்துக்குள் நட்சத்திரங்கள் இறங்குவதைப் பிடிப்பதே வழி. மார்ச், ஏப்ரல் மாலைகள் இதற்குத் தோதானவை: ரோகிணி திசைக்கோணம் 286 பாகையிலும் (வடக்கு 0, மேற்கு 270), திருவாதிரை 277இலும், சிரியஸ் 253இலும் மறைகின்றன. தீக்கோளம் போன தடம் இந்த அகலத்துக்குள்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 30 நொடி ஃபிரேம்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் அடங்கி நட்சத்திரம் எழும்பும். அதற்கு மேல் அடுக்கினால் 3 பிக்சலைத் தாண்டிக் கோடாகிவிடும். இரண்டு மணி நேரத்தில் 36 புள்ளிகள். ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளின் கோணங்களோடு மூன்றாம் படிச் சமன்பாட்டில் பொருத்தியும் எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் 4 பிக்சல் தள்ளியே நின்றது. காரணம் டிவிஆர் (கேமராவின் பதிவுப் பெட்டி) கடிகாரம்: 41 நொடி பின்தங்கல். கைப்பேசி நேரத்தை லென்ஸ் முன் காட்டினால் இது உடனே பிடிபடும். திருத்தியதும் அந்தத் தள்ளல் போய்விட்டது!

தீக்கோளத்தின் திசைக்கோணம் 285இலிருந்து 262, உயரக்கோணம் 42இலிருந்து 18. மொத்தம் 31 பாகை, 3.8 நொடி. (நொடிக்கு 15 ஃபிரேம் என்று டிவிஆர் சொல்வதை நம்ப வேண்டாம், ஒவ்வொரு ஃபிரேமின் நேரத்தையும் பாருங்கள்.) 80 கி.மீ. உயரம் என்று கொண்டால் தூரம் 160 கி.மீ., வேகம் நொடிக்குக் குறைந்தது 22 கி.மீ. பூமியைச் சுற்றும் குப்பை பெரும்பாலும் 8 கி.மீ.யைத் தாண்டாது. 2022 ஜூலை 31 நள்ளிரவுக்குப் பின் சரவாக்கில் தெரிந்த சீன ராக்கெட் லாங் மார்ச் 5பியின் துண்டுகள் அந்த வகை; சிதறியபடி நிதானமாக வானத்தைக் கடந்தன.

ஒளியளவு எடுக்க முடியவில்லை, பிக்சல்கள் நிரம்பி வழிந்துவிட்டன.

கோலாலம்பூர் லோ யாட் கடைகள் பக்கம் கேமரா தேடுவோர் கவனிக்க: 'ஸ்டார்லைட்' என்று எழுதியிருப்பதெல்லாம் ஐஎம்எக்ஸ்291 (மங்கிய ஒளியிலும் படம் பிடிக்கும் சோனி சிப்) அல்ல. சிப் பெயரைக் கேட்டே வாங்குங்கள். குமிழ் மூடி வேண்டாம், ஒளியை வளைக்கும்.

தீக்கோளத்தின் உண்மையான உயரத்தைக் கணக்கிட வேறோர் ஊரில் இரண்டாவது கேமரா வேண்டும். தைப்பிங்கை விட அலோர் ஸ்டார் மேல்: வடக்கே ஏறக்குறைய 85 கி.மீ., மேற்கு நோக்கிய பார்வைக்குக் குறுக்காக அமைகிறது, மழையும் குறைவு. அங்கே மொட்டைமாடி தர யாராவது இருக்கிறீர்களா?