கூடப் போக ஓர் ஆள்

எங்கள் செட்டிநாட்டில் உதவி என்றால் பெரிய கைகளைத்தான் சொல்வார்கள். அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியதும், மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்ததும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊருணி வெட்டியவர், பள்ளிக்கூடம் கட்டியவர் என்று ஊருக்கு ஒரு பெயராவது இருக்கும். இதையெல்லாம் கேட்டே வளர்ந்தவர்களுக்கு, மாதச் சம்பளத்தில் வீட்டை ஓட்டுகிற நம்மால் யாருக்கு என்ன செய்துவிட முடியும் என்று தோன்றுவது இயல்புதான்.

நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். களத்தில் நெல் காயப்போடுகிற பெண்கள் மதியம் சாப்பாடு முடிந்ததும் ஏதாவது ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வருவார்கள். "அக்கா, இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க." பேங்கிலிருந்து வந்த நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, திருப்பி அனுப்பப்பட்ட மனு. படித்துச் சொல்வேன். ஆனால் அடுத்து எங்கே போகவேண்டும் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் நாலு வரி அறிவிப்பு ஒன்றைப் பார்த்தேன். இலவச சட்ட உதவி தருகிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டத் தன்னார்வலர்கள் தேவை, விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது.

வக்கீல் படிப்பு படித்தவர்களுக்கானது என்று நினைத்துப் பலரும் இந்த அறிவிப்பைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்படியில்லை. இது சட்டம் படிக்காத சாதாரண ஆட்களுக்காகவே தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009-இல் கொண்டுவந்த திட்டம். எழுதப் படிக்கத் தெரியவேண்டும், பத்தாம் வகுப்பு முடித்திருந்தால் நல்லது, ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்லத் தெரிந்தால் போதும். ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், மகளிர் குழுவினர், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் சேரலாம். நீண்ட காலத் தண்டனையில் இருக்கும் படித்த, நன்னடத்தையுள்ள கைதிகளைக்கூட இந்தத் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. இதைப் படித்தபோது இந்தத் திட்டத்தின் மேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

விண்ணப்பம் ஒன்றும் பெரிய வேலையில்லை. படிவம், படிப்புச் சான்று, ஆதார் நகல், போட்டோ. அப்புறம் சிவகங்கை நீதிமன்ற வளாகத்தில் நேர்காணல். நீதிபதி முன்னால் உட்கார்ந்து பேசுவது அதுவரை பழக்கமில்லாததால் கொஞ்சம் பயம் இருந்தது. ஏன் வருகிறீர்கள், வாரத்தில் எத்தனை நேரம் தர முடியும், இதற்கு முன் யாருக்காவது மனு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா, இவ்வளவுதான் கேட்டார்கள். இது வேலைவாய்ப்பு இல்லை என்பதையும் அங்கேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். பணி ஒதுக்கப்படும் நாளுக்கு மட்டும் ஒரு மதிப்பூதியம் உண்டு. சம்பளம் கிடையாது, நிரந்தரமும் கிடையாது.

பயிற்சியில் நிறையச் சட்டங்கள் வந்துபோயின. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைகள் மீது மனுக் கொடுக்க வழிசெய்யும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு ஆழமாகப் பதிந்தது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. இவர்களுக்கு வருமானம் பார்ப்பதில்லை. பெண் என்ற ஒரு காரணமே போதும். எங்கள் களத்துப் பெண்கள் ஒருவருக்கும் இது தெரியாது. அன்றுவரை எனக்கும் தெரியாது.

செய்யக்கூடாதவற்றையும் சொன்னார்கள். யாரிடமும் பணம் வாங்கக்கூடாது, டீச்செலவுக்கு என்றாலும் கூடாது. வக்கீல் மாதிரி வாதாடக்கூடாது. "நான் முடித்துத் தருகிறேன்" என்று யாரிடமும் வாக்குக் கொடுக்கக்கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஏழைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல்போகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடையாள அட்டை கைக்கு வந்தபின் நான் எடுத்த வேலைகளில் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். இந்த வேலையின் சுபாவம் அதில் நன்றாகத் தெரியும்.

களத்தில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே சொல்வதால் தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சிக்கல். ஆதார் எடுக்கப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கப் போனால் ஆதார் கேட்டார்கள். ஓர் அலுவலகத்தில் "இத்தனை வருஷம் என்ன செஞ்சுக்கிட்டிருந்தே?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறார்கள். அதோடு அந்தத் தங்கச்சி விட்டுவிட்டாள். ஒரு நாள் கூலி போவதுகூடப் பெரிதில்லை, அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்க முடியாது என்றாள்.

பிள்ளை எங்கே பிறந்தது என்று கேட்டேன். அதில்தான் முடிச்சு இருந்தது. தை பிறந்ததும் புருஷன் பெண்டாட்டி இருவரும் முன்பணம் வாங்கிக்கொண்டு மானாமதுரைப் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார்கள். பிரசவத்துக்குள் ஊர் திரும்பிவிடலாம் என்று கணக்கு. வலி முன்னாலேயே வந்துவிட்டது. ராத்திரி, கல் அறுக்கிற களத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில், கூட வேலை செய்த ஒரு அப்பத்தா பார்த்த பிரசவம். சீசன் முடிந்து கடனைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியபோது பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தது. பதிவு என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் நினைவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பிறப்பை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதியவேண்டும், குடியிருக்கிற இடத்தில் இல்லை. 21 நாளுக்குள் என்றால் கட்டணமே கிடையாது. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் பதிவாளர் தானாகப் பதிய முடியாது, கோட்டாட்சியர் ஆணை வேண்டும். நாங்கள் இருப்பது தேவகோட்டைக் கோட்டம். பிள்ளை பிறந்தது சிவகங்கைக் கோட்டம். அந்தத் தங்கச்சி அதுவரை தட்டிய கதவெல்லாம் இந்தப் பக்கத்துக் கதவுகள். இது எங்கள் கையில் இல்லை, இன்ன இடத்துக்குப் போ என்று ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும். ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

ஆதாரம் தேடினோம். வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். தவிட்டுத் தூசி படிந்த கவர். உள்ளே ஒரு கல்யாணப் பத்திரிகை, மாமனார் இறந்தபோது எடுத்த சான்றிதழ், மடித்து மடித்து நாலாகக் கிழியப்போகிற ஒரு தாய் சேய் நல அட்டை. அட்டையின் மூலையில் 12 இலக்க எண் ஒன்று பேனாவால் எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோரையும் கிராம சுகாதார செவிலியர் பதிந்து தருகிற எண் அது. 2018-லிருந்து பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண் கட்டாயம். சூளைக்குப் போவதற்கு முன்னால் ஊரிலேயே பதிந்திருக்கிறாள், அவளுக்கே அது தெரியவில்லை.

செவிலியரைப் போய்ப் பார்த்தோம். பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். பெயர் இருந்தது, திரும்பி வந்தபின் போட்ட தடுப்பூசி விவரங்கள் இருந்தன, பிரசவ தேதியும் இருந்தது. ஆனால் அந்தத் தேதி தாய் சொன்னதோடு ஒரு நாள் இடித்தது. "பங்குனி உத்திரத்துக்கு மொத நாள் ராத்திரி" என்பதில் அவள் உறுதியாக இருந்தாள், அந்த வருஷம் குன்றக்குடிக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல் வேறு. பதிவேட்டில் உத்திரத்தன்று என்று இருந்தது. விசாரணையில் இதைக் கேட்பார்கள் என்று தெரியும். அதனால் பிரசவம் பார்த்த அப்பத்தாவையே தேடிப் போனோம். அவர் யோசிக்காமல் சொன்னார்: "முதலாளி வீட்டு ரேடியோவெல்லாம் அடங்கி ரொம்ப நேரங்கழிச்சுத்தான் ஆத்தா பொறந்துச்சு. ஒரு தூக்கம் தூங்கி எந்திரிக்கிற நேரம்." நள்ளிரவு தாண்டிய பிறப்பு. தேதி மாறிவிட்டது, ராத்திரி மாறவில்லை. இரண்டு பேர் சொன்னதும் சரி.

அப்புறம் பழைய பதிவேடுகளில் தேடிப் பார்த்துப் பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்கினோம். மனு, உறுதிமொழிப் பத்திரம், அட்டை நகல், செவிலியர் பதிவேட்டு நகல், பெற்றோர் ஆதார், பள்ளியிலிருந்து ஒரு சான்று, எல்லாவற்றையும் கோத்துக் கொடுத்தோம். உறுதிமொழிப் பத்திரத்துக்குச் சட்டப் பணிகள் குழுவின் வக்கீல் காசு வாங்காமல் உதவினார். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று விசாரணை ஒவ்வொரு படியாக ஏறியது. இடையில் மாதங்கள் ஓடின. காத்திருக்கிற அந்தக் காலத்தில் நான் செய்ததெல்லாம் அவ்வப்போது போய் நிலை என்ன என்று கேட்டதுதான். மரியாதையாகக் கேட்டேன், மனு எண்ணைச் சொல்லிக் கேட்டேன், கேட்ட தேதியைக் குறித்து வைத்தேன். அதே மேஜையில் அந்தத் தங்கச்சி தனியாகப் போய்க் கேட்டால் ஒரு பதில், கழுத்தில் அட்டையோடு நான் பக்கத்தில் நின்றால் வேறு பதில். இது சரியில்லைதான். ஆனால் இன்றைய நிலைமை இது. இது மாறுகிறவரை யாராவது பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும்.

விசாரணை நாளில் என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று முந்தின நாளே உட்கார்ந்து பேசினோம். நான் பதில் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அவள் பிள்ளை, அவள்தான் பேசவேண்டும். பேசினாள். முதல் இரண்டு கேள்விக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னவள், பிரசவ ராத்திரியைப் பற்றிக் கேட்டதும் நிமிர்ந்து அதிகாரியின் முகத்தைப் பார்த்தே முழுவதையும் சொல்லி முடித்தாள். ஆணை வந்தது, பதிவு நடந்தது, சான்றிதழ் கிடைத்தது. ஆதாரும் எடுத்தாயிற்று. ரேஷன் கார்டில் பெயரும் ஏறிவிட்டது.

இதற்காக என் கையிலிருந்து போனது பஸ் காசும் ஜெராக்ஸ் காசும்தான். ஆலையில் விடுப்புக் கேட்கும்போது முதலில் முகம் சுளித்தார்கள். விஷயத்தைச் சொன்னபின் அரைநாள் அனுமதிக்குத் தடை சொல்லவில்லை.

எல்லாருக்கும் அலுவலகப் படிகள் ஏறுவது ஒத்துவராது. அவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பார்வையற்ற மாணவர்கள் தேர்வில் சொல்லச் சொல்ல எழுத ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள். கல்லூரிகளில் பெயரும் போன் நம்பரும் கொடுத்து வைத்தால் கூப்பிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் முழுக்கத் தன்னார்வலர்களை நம்பித்தான் நடக்கிறது. பக்கத்து அரசுப் பள்ளியில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள்.

சட்டத் தன்னார்வலர் ஆக விரும்புகிறவர்கள் மாவட்ட நீதிமன்ற இணையதளத்தையும் நீதிமன்ற அறிவிப்புப் பலகையையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஆள் எடுப்பதில்லை, அறிவிப்பு வரும்போதுதான். காரைக்குடி, தேவகோட்டை போன்ற ஊர்களின் நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம். அதுவரை, சட்ட உதவி யாருக்கேனும் தேவைப்படுவது தெரிந்தால் 15100 என்ற இலவச எண்ணைச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குப் பேசத் தயக்கமாக இருந்தால் உங்கள் போனிலிருந்தே போட்டுக் கொடுத்து, பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.