தரவில் பதிவாகாத குரல்

ஒரு விமான நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் நான் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்த வேலை, முந்தைய நாள் பறந்த விமானங்களின் தரவுகளைப் படித்து, எது அளவுக்கு மீறிய வேகத்திலோ உயரத்திலோ வந்து தரையிறங்கியது என்று குறித்துவைப்பதுதான். கேப்டனை அழைத்துக் கேட்டால், "பத்திரமாகத்தானே இறங்கினோம், சார்?" என்பார்.

அப்போதெல்லாம் எனக்கு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த விபத்து நினைவுக்கு வரும். 2007 மார்ச் 7 அன்று கருடா இந்தோனேசியாவின் போயிங் 737 விமானம், முறைப்படி இறங்க வேண்டிய வேகத்தைவிட 87 நாட் (மணிக்குச் சுமார் 161 கி.மீ.) அதிகமாக, 221 நாட் வேகத்தில் அங்கே தரைதொட்டது. அதற்கு முன் எச்சரிக்கைக் கருவி 15 முறை ஒலித்தது. இறங்காமல் மேலெழுந்து சுற்றி வரும்படி துணை விமானி சொன்னார். இரண்டையும் கேப்டன் பொருட்படுத்தவில்லை. ஓடுபாதையின் முனையிலிருந்து 252 மீட்டர் தள்ளி, வயலில் விமானம் எரிந்தது. 140 பேரில் 21 பேர் இறந்தனர். கேப்டனுக்கு அரசுத் தரப்பு 4 ஆண்டுகள் சிறை கேட்க, 2009 ஏப்ரலில் நீதிமன்றம் 2 ஆண்டுகள் விதித்தது. மேல்முறையீட்டில் அதுவும் ரத்தானது.

2002-இல் மயாமியில் அமெரிக்கா வெஸ்ட் விமானிகள் இருவர் குடிபோதையில் விமானத்தை நகர்த்தியபோது, அது மேலெழும்பும் முன்பே திருப்பி அழைக்கப்பட்டது. எவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் 2005-இல் கேப்டனுக்கு 5 ஆண்டுகளும் துணை விமானிக்கு இரண்டரை ஆண்டுகளும் சிறை. நாடும் சட்டமும் வேறுதான். இருந்தாலும், மதுவை அளந்து காட்டிவிடலாம், பிடிவாதத்தை அளக்க முடியாது என்பதே இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால் யோக்யகர்த்தா கேப்டனுக்கு 2 ஆண்டுகள் குறைவுதான். இறந்தவர்களை எண்ணி இதைச் சொல்லவில்லை. ஓடுபாதை இன்னும் சற்று நீண்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருக்கக்கூடும். பக்கத்தில் அமர்ந்தவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காததற்குத்தான் தண்டனை. ஆனால் விபத்து விசாரணையின் நோக்கம் இனி நேராமல் தடுப்பதே, பழி சுமத்துவதல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13-ஆவது இணைப்பு சொல்கிறது. நாங்கள் தரவு சேகரித்ததும் அதே உறுதிமொழியின் பேரில்தான்.

யோக்யகர்த்தா கேப்டனுக்குச் சிறை விதித்த தீர்ப்பு வந்த வாரத்தில், வேகமாக இறங்கியதைத் தாமாகவே எழுதிக் கொடுக்க வந்த ஒரு கேப்டன், "இது நாளைக்குக் கோர்ட்டுக்குப் போகாது என்று எழுதித் தருவீர்களா, சார்?" என்று கேட்டார். என்னால் தர முடியவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அவருடைய வேகமும் உயரமும் என் திரையில் ஏற்கெனவே இருந்தன. துணை விமானி அவரிடம் ஏதாவது சொன்னாரா என்பது அந்தக் காகிதத்தில் மட்டுமே இருந்திருக்கும்.