ஆள் முன்னாடி, குரல் பின்னாடி

பின்வரிசைல நின்னுட்டு இருந்த முப்பது பேரும் ஒரே நேரத்துல தலையத் திருப்பி பின்னாடி பார்த்தாங்க. அங்க ஒண்ணும் இல்ல, கறுப்புத் துணியும் அதுக்கு மேல ஒரு ஸ்பீக்கரும்தான். பேசிட்டு இருந்த நடிகை அவங்களுக்கு 20 மீட்டர் முன்னாடி ஒரு ஏணி மேல உக்காந்து, ரகசியம் சொல்ற மாதிரி மெதுவா பேசுற சீன் அது, மூணு மாசம் அதுக்காகவே மண்டைய உடைச்சிருந்தோம். பார்க்க வந்தவங்கள சுத்தி படமும் சத்தமும் வெச்சு கதைக்குள்ளயே கூட்டிட்டுப் போற ‘இம்மர்சிவ்’ ஷோ பண்றதுதான் என் வேலை, கன்ட்ரோல் டெஸ்க்ல இருந்து அத்தனை தலையும் திரும்பினதப் பார்த்ததும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது.

தப்பு என்னோடதுதான். ரகசியம் மாதிரி பேசினா 20 மீட்டர் தள்ளி கேக்காதுல்ல, அதனால ஏணிக்கடில ஒரு சின்ன ஸ்பீக்கர் ஒளிச்சு வெச்சோம், பின்னாடி நிக்கறவங்களுக்கு தெளிவா கேக்கணும்னு அவங்க தலைக்கு மேல, ஒரு 3 மீட்டர் தூரத்துல இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஒயர்ல சத்தம் ஒரே நேரத்துலதான் போகும், ஆனா காத்துல வர்றப்போ செகண்டுக்கு 343 மீட்டர்தான், அதாவது ஒரு மீட்டருக்கு சுமார் 3 மில்லிசெகண்ட். அப்போ முன்னாடி இருந்து வர்ற குரல் பின்னாடி இருந்து வர்றத விட 50 மில்லிசெகண்ட் லேட். எந்தப் பக்கம் இருந்து சத்தம் முதல்ல வருதோ அந்தப் பக்கம்தான் ஆள் இருக்குன்னு மூளை முடிவு பண்ணிடும், அதுகிட்ட வாதாட முடியாது. ஹெல்முட் ஹாஸ்னு ஒருத்தர் 1949லயே இத ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டார், அவர் பேர வெச்சே ஹாஸ் எஃபெக்ட்னு சொல்றோம். பின் ஸ்பீக்கர அந்த 50 மில்லிசெகண்டும் அதுக்கு மேல ஒரு பத்தும் சேர்த்து டிலே பண்ணிட்டா போதும், சத்தம் அதுல கொஞ்சம் கூடவே இருந்தாலும் காது ஏணியத்தான் கை காட்டும். ரிகர்சல்ல அப்படித்தான் போட்டு வெச்சிருந்தேன், ஷோ அன்னிக்கு டெஸ்க்ல பழைய ஃபைல லோட் பண்ணிட்டேன், டிலே காலி.

இத ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா, இம்மர்சிவ்னு யாராவது கேட்டு வந்தா முதல் மீட்டிங்லயே எத்தனை ப்ரொஜக்டர், எல்ஈடி வால் எவ்ளோ பெருசுன்னுதான் பேச்சு ஆரம்பிக்குது. உள்ள வந்த ஆளோட கண்ணு ஒரு சாட்சி, காது ஒரு சாட்சி, காலடில இருக்கற தரை ஒரு சாட்சி. எல்லாரும் ஒரே கதைய சொன்னாதான் உடம்பு நம்பும், ஒருத்தர் மாத்திச் சொன்னாலும் கேஸ் தோத்துடும், சுவர் முழுக்க படம் ஓடினாலும் சரி.

பெரிய பட்ஜெட்காரங்களுக்கும் இதே கவலைதான். லாஸ் வேகாஸ்ல 2023ல திறந்த ஸ்பியர்ங்கற உருண்டை அரங்கத்துல உள்பக்க ஸ்க்ரீனே 1,60,000 சதுர அடி, அதோட நிக்காம 10,000 சீட்ல அதிர்வும் குடுத்து வெச்சிருக்காங்க. அதாவது மூணாவது சாட்சிக்கும் சேர்த்து ஏற்பாடு பண்ணிட்டாங்க. ஆனா சுத்தியும் படம் நகர்றப்போ ஒரு சிக்கல் இருக்கு, கண்ணு போறோம்ங்குது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு நின்னுட்டுதானே இருக்கோம்ங்குது, அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பேர் சுவரப் புடிச்சுட்டு நிப்பாங்க. நான் எப்பவும் படத்துக்குள்ள அசையாத ஒண்ணு வெச்சுடுவேன், ஒரு தூணோ, தரைகிட்ட ஒரு கோடோ, கண்ணு போய் ஒட்டிக்க ஒரு இடம்.

இது புதுசும் இல்ல. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் 1876ல அங்க பைராய்ட்ங்கற ஊர்ல தன் தியேட்டர திறந்தப்போ ஆர்கெஸ்ட்ராவ மேடைக்கடில மறைச்சு, ஆடியன்ஸ் பக்க விளக்கயும் இறக்கிட்டார், வாசிக்கற ஆள் தெரியாம இசை மட்டும் வரணும்னு. லண்டன்ல 1862ல பெப்பர்னு ஒருத்தர் மேடைல சாய்ச்சு வெச்ச கண்ணாடிய வெச்சு பேய் காட்டினார், 2012ல அமெரிக்காவுல கோச்செல்லா இசைவிழா மேடைல, இறந்துபோன ராப் பாடகர் டூபாக் வந்ததப் பார்த்து ‘ஹோலோகிராம்’னு ஊரே பேசினதும் அதே பெப்பர் வித்தைதான், கண்ணாடிக்கு பதிலா மெல்லிய ஃபிலிம். ஹோலோகிராம்னு சொல்றவங்கள திருத்தறத நான் விட்டுட்டேன்.

எனக்கு ஷோவ விட முக்கியம் ஷோவுக்கு முன்னாடி இருக்கற வழி. வெளிச்சமான லாபில இருந்து நேரா இருட்டு ரூமுக்குள்ள விட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது, கண்ணு முழுசா இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், யார் அவ்ளோ நேரம் காத்திருப்பாங்க? அதனால வளைஞ்சு போற ஒரு நடைவழி கட்டி, வெளிச்சத்த படிப்படியா இறக்கிட்டு, கடைசி கொஞ்ச தூரம் மங்கலான சிவப்பு மட்டும் விடுவோம், சிவப்பு இருட்டுப் பார்வைய அவ்ளோவா கெடுக்காது. நாலஞ்சு நிமிஷம் இப்படி நடந்து வந்தாலே மங்கலான லைட்கூட பிரமாதமா தெரியும், அப்புறம் பாதி லைட்டு போதும். ஒரே ஒரு ஆள் மணி பார்க்க ஃபோன எடுத்தா அவரும் போச்சு, பக்கத்துல நிக்கற நாலு பேரும் போச்சு. அதனால ஃபோன வாசல்லயே ஒரு பைல போட்டு பூட்டி, பைய அவங்க கைலயே குடுத்துடறோம். சண்டை போடறவங்க இருக்காங்க, அது தனிக் கதை.

எக்ஸிட் போர்டு மட்டும் அணைக்க முடியாது, அணைக்கவும் கூடாது. பச்சையா முறைச்சுட்டே இருக்கும். முதல்லயே அந்த போர்ட ப்ளான்ல குறிச்சுட்டு அதச் சுத்திதான் சீன் வரைவேன், ஒருதடவை கதைல வர்ற ஆஸ்பத்திரி வராண்டாவ அந்த மூலைக்கே கொண்டு போயிட்டோம், பச்சை லைட் அங்க சரியாப் பொருந்திடுச்சு.

நடந்து பார்க்கற ஷோன்னா இன்னொரு தலைவலி, உள்ள வந்தவங்களுக்கு என்ன செய்யலாம்னு தெரியாது. தொடலாமா, அந்தக் கதவத் திறக்கலாமா, நடிகர்கிட்ட பேசலாமா? மைக்ல விதி சொன்னா அப்பவே மாயம் கலைஞ்சுடும். பிரிட்டன்ல 2000ல ஆரம்பிச்ச பஞ்ச்ட்ரங்க் நாடகக் குழு இதுக்கு ஆடியன்ஸுக்கு முகமூடி குடுத்தாங்க. முகமூடி போட்டவங்க எல்லாம் பார்க்க வந்தவங்க, போடாதவங்க நடிகருங்க, ஒரு வார்த்தை சொல்லாமலே புரிஞ்சுடுது, நம்மள யாரும் பார்க்கலங்கற தைரியம் வேற வந்துடுது. நான் முகமூடி வெச்சதில்ல, வாசல்லயே கூட்டம் நின்னு அடைச்சுக்காம இருக்க முதல் லைட்ட ரூமோட அடுத்த கோடில வைப்பேன், விளக்கு இருக்கற பக்கம் கால் தானா போகும்.

வெளிய போற வழிய ரொம்ப நாள் கண்டுக்காமலே இருந்தேன். கடைசி சீன் முடிஞ்சதும் கதவத் திறந்தா டியூப்லைட், டிக்கெட் கவுன்டர், எல்லாரும் உடனே பைய நீட்டி ஃபோன கேப்பாங்க. போன ஷோல நடுவுல ஒரு அரைவெளிச்ச ரூம் போட்டு நாலு பெஞ்ச் மட்டும் வெச்சோம், வேற ஒண்ணும் இல்ல, பாட்டுகூட இல்ல. ஒரு அம்மா அங்க உக்காந்தவங்க இருபது நிமிஷம் எந்திரிக்கல, வாலண்டியர் பொண்ணு வந்து அனுப்பிடலாமாண்ணான்னு கேட்டப்போ விடும்மான்னுட்டேன், ஆனா அந்த ரூமுக்கும் உள்ள வர்ற வழிக்கும் ஒரே கதவு, அடுத்த ஷோவுக்கு ஆள் வர ஆரம்பிச்சதும் நானே போய் எழுப்ப வேண்டியதாப் போச்சு. அடுத்த ஷோவுக்கு அந்த ரூமுக்கு தனி வாசல் கேட்டு ப்ளான் அனுப்பிட்டேன், கார்பென்டர் இன்னும் பதில் சொல்லல.