எந்த கோட் இப்ப ஓடுது? எங்க டிப்ளாய்மென்ட்டை ஆட்டோமேட் பண்ண அனுபவம்

போன வருஷம் ஒரு காலைல திருப்பூர்ல இருந்து கஸ்டமர் ஒருத்தர் போன் பண்ணாரு. "தம்பி, பில்லுல ரவுண்டாஃப் ஒரு தடவ பாத்தா ஒரு தொகை வருது, ரெப்ரெஷ் பண்ணா வேற தொகை வருது, மறுபடி ரெப்ரெஷ் பண்ணா பழையது வருது, நான் எதை நம்பி பார்ட்டிக்கு பில் அனுப்பறதுங்க?"ன்னு கேட்டாரு. நாங்க கோயம்புத்தூர்ல 5 பேர் இருக்கற சின்ன டீம், நூல் மில்லுக்கும் கார்மென்ட்ஸ்காரங்களுக்கும் ஆர்டர், டிஸ்பாட்ச், பில் எல்லாம் ஒரே எடத்துல பாக்கற மாதிரி ஒரு ஆப் பண்றோம். பில் தொகை மாறி மாறி வந்தா அது எங்களுக்கு உயிர் போற விஷயம், அவருக்கும் அப்படித்தான்.

மொதல்ல எல்லாரும் கோட்ல தேடுனோம், டேட்டாபேஸ்ல தேடுனோம், ஒண்ணும் கிடைக்கல. எங்க ஆப் குபெர்னெட்டிஸ்ல, அதாவது பல சர்வரை ஒரு கிளஸ்டரா சேத்து அதுல ஆப்பை ஓட்டற சிஸ்டத்துல, ரெண்டு பாடா (pod, ஓடிட்டு இருக்கற ஆப்போட ஒரு பிரதி) ஓடுது. ரெண்டு மணி நேரம் கழிச்சுதான் எங்க சீனியர் அண்ணன் ரெண்டு pod விவரத்தையும் டிஸ்கிரைப் கமாண்ட் போட்டு பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாரு. ரெண்டுலயும் இமேஜ் (ஆப்போட கோடை கட்டி வச்ச பொட்டலம்) பேரு ஒண்ணுதான், டேக் (அதோட வெர்ஷன் பேரு) ரெண்டுலயும் லேட்டஸ்ட்தான், ஆனா கீழ இமேஜ் ஐடின்னு ஒரு வரி இருக்கும்ல, ஷா256ன்னு ஆரம்பிக்கறது, அது ரெண்டுலயும் வேற வேற. அதாவது ஒரே பேருல ரெண்டு வேற கோட் ஓடிட்டு இருக்கு. நடந்தது என்னன்னா, மொத நாள் சாயந்திரம் ஒரு தம்பி டெஸ்ட் பண்ணலாம்னு அவர் லேப்டாப்ல இமேஜ் பில்ட் பண்ணி லேட்டஸ்ட்டுன்னு ரெஜிஸ்ட்ரிக்கு (இமேஜ் எல்லாம் சேத்து வைக்கற எடம்) புஷ் பண்ணிருக்காரு, டிப்ளாய் பண்ணவே இல்ல, அதாவது கிளஸ்டர்ல ஏத்தி ஓட விடல. ராத்திரி ஒரு பாடு மெமரி தாண்டி செத்து, எக்ஸிட் கோட் 137, தானா ரீஸ்டார்ட் ஆயிருக்கு. டேக் லேட்டஸ்ட்டா இருந்து நம்ம வேற எதுவும் சொல்லலைன்னா குபெர்னெட்டிஸ் ஒவ்வொரு தடவ கன்டெய்னர் (பாடுக்குள்ள ஓடற ஆப்) ஆரம்பிக்கறப்பவும் ரெஜிஸ்ட்ரில போய் கேக்கும், அதனால அந்த ஒரு பாடு மட்டும் புது கோடோட எந்திரிச்சிருக்கு, இன்னொண்ணு பழசுலயே நின்னுருக்கு. யாரும் டிப்ளாய் பண்ணாம பாதி டிப்ளாய் ஆயிருச்சு.

அன்னிக்கு மதியம் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "இப்ப கிளஸ்டர்ல எந்த கோட் ஓடுதுன்னு யாராவது உறுதியா சொல்ல முடியுமாப்பா?" யாராலயும் முடியல. அதுக்கு ஒரு பதில் வேணும்னுதான் இந்த வேலையையே ஆரம்பிச்சோம், வேகமா டிப்ளாய் பண்ணணும்னு எல்லாம் இல்ல.

அதுவரைக்கும் எங்க முறை இதுதான். யார் லேப்டாப்லயாவது டாக்கர்ங்கற இமேஜ் பண்ற டூல்ல டாக்கர் பில்ட், டாக்கர் புஷ், அப்பறம் யாமல் ஃபைலை (எந்த இமேஜ், எத்தனை பாடுன்னு எழுதி வைக்கறது) அப்ளை பண்ணுவோம், அது அன்சேஞ்ச்டுன்னு சொல்லும், ஏன்னா யாமல்ல எதுவுமே மாறல, டேக் அதே லேட்டஸ்ட்தானே, அதனால பாடை கையால டெலீட் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுவோம். இதுல எம்1 மேக் வச்சிருக்கறவங்க பில்ட் பண்ணா இமேஜ் ஆர்ம் ப்ராசஸருக்கு ஆயிரும், நம்ம நோடுங்க (கிளஸ்டர்ல இருக்கற சர்வருங்க) இன்டெல், பாடு எந்திரிக்கறப்பவே எக்ஸெக் ஃபார்மட் எரர்னு விழும். ஒவ்வொரு தடவயும் யார் லேப்டாப்ல பில்ட் ஆச்சுன்னு விசாரிக்கறதே ஒரு வேலை.

மொத முடிவு, லேட்டஸ்ட்டை தூக்கிட்டோம். கமிட்டோட (கிட்ல பதிவாகற ஒவ்வொரு கோட் மாற்றம்) சின்ன ஐடி, கிட்லாப்ல 8 எழுத்து வரும், அதுதான் டேக். ரெண்டாவது முடிவு, லேப்டாப்ல இருந்து புஷ் பண்ற பெர்மிஷனையே எல்லார்ட்ட இருந்தும் எடுத்தாச்சு, அண்ணனோடதையும் சேத்து. ரெஜிஸ்ட்ரிக்குள்ள இமேஜ் போகணும்னா பைப்லைன் (கோட் வந்தா வேலைங்களை வரிசையா தானா ஓட்டறது) வழியாதான் போகணும். இது ரெண்டுக்கும் ஒரு நாள்கூட ஆகல, ஆனா மொத்த வேலைல பாதி பலன் இதுலயே வந்துருச்சுன்னு நான் இப்பவும் சொல்லுவேன்.

பில்ட் பண்ற எடம்தான் இழுத்துச்சு. ரன்னரை (பைப்லைன் வேலைங்களை ஓட்டற ப்ரோக்ராம்) கிளஸ்டருக்குள்ளயே பாடா ஓட்டலாம்னு ஆசைப்பட்டோம். பழைய ட்யூட்டோரியல் எல்லாம் நோடோட டாக்கர் சாக்கெட்டை (டாக்கர்கிட்ட பேசற ஃபைல்) மவுண்ட் பண்ணுங்கன்னு சொல்லுது, பண்ணா அந்த ஃபைலே அங்க இல்ல. 2022ல வந்த 1.24 வெர்ஷன்லயே குபெர்னெட்டிஸ்ல டாக்கர்ஷிம்மை (டாக்கரோட பேசற பகுதி) எடுத்துட்டாங்க, எங்க நோடுல ஓடறது கன்டெய்னர்டிங்கற வேற ப்ரோக்ராம். சரி டாக்கருக்குள்ள டாக்கர் ஓட்டலாம்னா ப்ரிவிலேஜ்டு மோட் (நோடு மேலயே அதிகாரம் குடுக்கறது) வேணும், கஸ்டமர் டேட்டா ஓடற கிளஸ்டர்ல அதை தொறந்து விட மனசு வரல. கடைசில வெளிய தனியா ஒரு சின்ன விஎம் போட்டு அதுல டாக்கரும் ரன்னரும் வச்சிட்டோம். பாக்க பெரிய டிசைன் மாதிரி இருக்காது, ஆனா கேஷ் (முந்தின பில்டுல செஞ்சு வச்சது) அதே டிஸ்க்ல இருக்கறதால பில்ட் வேகமாவும் இருக்கு, உடைஞ்சா எங்க பாக்கணும்னும் தெரியும். டீம் சின்னதுன்னா இதையே பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன்.

மொதல்ல எங்க நோட்.ஜேஎஸ் பேக்எண்ட் பில்டுக்கு 11 நிமிஷம் ஆச்சு. டாக்கர்ஃபைலை (இமேஜ் பண்ற ஸ்டெப் எல்லாம் எழுதிருக்கறது) தொறந்து பாத்தா மேலயே மொத்த ஃபோல்டரையும் காப்பி பண்ணிட்டு அப்பறம் என்பிஎம் இன்ஸ்டால் (வேண்டிய லைப்ரரிங்களை எறக்கறது). ஒரு எழுத்து மாறுனாலும் அந்த லேயர்ல இருந்து கீழ எல்லாமே மறுபடி ஓடும். பேக்கேஜ் ஃபைல் ரெண்டை மட்டும் மொதல்ல காப்பி பண்ணி, இன்ஸ்டால் முடிச்சு, அதுக்கு கீழ சோர்ஸ் கோடை காப்பி பண்ற மாதிரி வரிசைய மாத்துனோம், டாக்கர்இக்னோர்ல (காப்பி பண்ண வேண்டாம்ங்கற லிஸ்ட்) நோட் மாட்யூல்ஸையும் கிட் ஃபோல்டரையும் போட்டோம், 3 நிமிஷத்துக்குள்ள வந்துருச்சு. அடுத்து ஒரு நாள் பில்ட் எல்லாம் டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்னு விழுந்துச்சு. டாக்கர் ஹப்ங்கற பொது ரெஜிஸ்ட்ரி 2020 நவம்பர்ல லாகின் இல்லாம இழுக்கறவங்களுக்கு ஒரு ஐபிக்கு 6 மணி நேரத்துக்கு 100ன்னு லிமிட் கொண்டு வந்தாங்கல்ல, அந்த மாதிரி லிமிட்லதான் எங்க ரன்னரும் மாட்டிருக்கு. நம்ம இமேஜுக்கு அடிப்படையா வெளிய இருந்து இழுக்கற பேஸ் இமேஜ் எல்லாத்தையும் நம்ம ரெஜிஸ்ட்ரிலயே ஒரு காப்பி வச்சுட்டோம், அதோட முடிஞ்சுது.

இப்ப டிப்ளாய். பைப்லைன்ல கடைசி ஜாபா அப்ளை கமாண்டை போட்டோம், பச்சையா வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். மறுநாள் பாத்தா பைப்லைன் பச்சை, பாடு கிராஷ்லூப்பேக்ஆஃப், அதாவது எந்திரிச்சு எந்திரிச்சு விழுந்துட்டே இருக்கு. அப்ளைங்கறது ஏபிஐ சர்வர் வாங்கிக்கிச்சுங்கறதுக்குத்தான் சாட்சி, பாடு எந்திரிச்சுச்சாங்கறதுக்கு இல்ல. அதுக்கு ரோல்அவுட் ஸ்டேட்டஸ் கமாண்டை டைம்அவுட்டோட போட்டு காத்திருக்கணும், ரெடினஸ் ப்ரோப் (ஆப் ரிக்வெஸ்ட் வாங்க ரெடியான்னு பாக்கற செக்) ஒழுங்கா இருக்கணும். ரெடினஸ் இல்லாட்டி கன்டெய்னர் ஆரம்பிச்ச உடனே ரெடின்னு எடுத்துக்கும், நம்ம ஆப் இன்னும் டேட்டாபேஸ் கனெக்ஷனே போட்டிருக்காது.

இதுக்கப்பறம் வந்த பிரச்சனைக்குத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. ஒவ்வொரு டிப்ளாய் அப்பவும் ஸ்டாக் ரிப்போர்ட் டவுன்லோட் பண்ணிட்டு இருக்கறவங்களுக்கு பாதில அறுந்துரும். பழைய பாடை கவனிச்சு பாத்தேன், டெர்மினேட்டிங்னு போட்டு சரியா 30 செகண்ட் நிக்குது, அப்பறம் டக்குன்னு போகுது. அந்த 30 செகண்ட்தான் குபெர்னெட்டிஸ் டிஃபால்ட்டா குடுக்கற அவகாசம். மொதல்ல சிக்டெர்ம் (முடிச்சுக்கோன்னு சொல்ற சிக்னல்) அனுப்பும், அது கேக்கலைன்னா 30 செகண்ட் கழிச்சு சிக்கில் (கட்டாயமா நிறுத்தறது). எங்க ஆப்புக்கு சிக்டெர்ம் போய் சேரவே இல்ல. காரணம் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட், அதுல கடைசி வரில நோட் சர்வர்னு வெறுமனே எழுதிருந்தோம், அப்ப பிஐடி 1ஆ, அதாவது கன்டெய்னரோட மொத ப்ராசஸா இருக்கறது ஷெல், சிக்னல் அதுகிட்டயே நின்னுரும். அந்த வரிக்கு முன்னாடி எக்ஸெக்ங்கற ஒரே ஒரு வார்த்தை போட்டா ஷெல் எடத்துல நோட்.ஜேஎஸ்ஸே உக்காந்துக்கும். போட்டோம், கோட்ல சிக்டெர்முக்கு ஒரு ஹேண்ட்லரும் எழுதி புது ரிக்வெஸ்ட்டை நிறுத்தி இருக்கறதை முடிச்சிட்டு போற மாதிரி பண்ணோம்.

ரிப்போர்ட் அறுக்கறது நின்னுச்சு, ஆனா புதுசா 502 (பின்னாடி சர்வர்ல இருந்து பதில் வரலைங்கற எரர்) வர ஆரம்பிச்சுது. ஒரு செகண்டுக்கு ஒரு தடவ கர்ல் கமாண்ட்ல ரிக்வெஸ்ட் அடிக்கற லூப்பை ஓட விட்டுட்டு டிப்ளாய் பண்ணி பாத்தா, 200, 200, 502, 502, 200ன்னு வருது. பாடுக்கு போகச் சொல்றதும் சர்வீஸ் லிஸ்ட்ல இருந்து அதை எடுக்கறதும் ஒரே நேரத்துல நடக்குது, ஒண்ணு முடிஞ்சுதான் இன்னொண்ணுன்னு இல்ல. நம்ம ஆப் நல்ல புள்ளையா உடனே கதவை சாத்திருது, இன்க்ரெஸ் (வெளிய இருந்து வர்ற ரிக்வெஸ்ட்டை பாடுக்கு அனுப்பறது) இன்னும் ஒரு ரெண்டு செகண்ட் அதே கதவைத் தட்டுது. ப்ரீஸ்டாப்ல (பாடை நிறுத்தறதுக்கு முன்னாடி ஓடற ஸ்டெப்) 5 செகண்ட் ஸ்லீப் போட்டோம், லூப் முழுக்க 200. அந்த டெர்மினல் ஸ்கிரீனை நான் ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன், அவ்வளவு நிம்மதி.

ஆனா அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னும் முழு பதில் வரல. ஒரு தடவ பிரச்சனைன்னு ரோல்அவுட் அன்டூ போட்டோம், கிளஸ்டர் பழசுக்கு போயிருச்சு, கிட்ல புதுசு நிக்குது. இன்னொரு தடவ ஒருத்தர் அவசரத்துல எடிட் போட்டு மெமரி லிமிட்டை கூட்டுனாரு, அடுத்த டிப்ளாய்ல அது காணாம போச்சு. இதுக்கு மேல பைப்லைன்ல கிளஸ்டரோட அட்மின் சாவி ஒரு வேரியபிளா உக்காந்திருக்கு, ரிப்போல கோட் புஷ் பண்ண முடியறவங்க ஒரு ஜாப் எழுதி அதை எடுத்துரலாம். அதனாலதான் ஆர்கோ சிடிக்கு போனோம். இன்ட்யூட் கம்பெனில ஆரம்பிச்சது, இப்ப சிஎன்சிஎஃப் (குபெர்னெட்டிஸையும் வச்சிருக்கற ஃபவுண்டேஷன்) ப்ராஜெக்ட். கிளஸ்டருக்குள்ள இருந்துகிட்டே அது கிட் ரிப்போவை பாக்கும், டிஃபால்ட்டா ஒரு 3 நிமிஷத்துக்குள்ள ஒரு தடவ, அங்க எழுதிருக்கற மாதிரி இங்க இருக்கான்னு ஒப்பிடும், இல்லைன்னா, ஆட்டோ சிங்க் ஆன் பண்ணிருந்தா, சரி பண்ணும். பைப்லைனோட வேலை இமேஜ் பில்ட் பண்ணி கான்ஃபிக் ரிப்போல (யாமல் ஃபைலுங்க இருக்கற எடம்) ஒரு வரி, அந்த 8 எழுத்து டேக், அதை மாத்தி கமிட் பண்றதோட முடிஞ்சுது. கிளஸ்டர் சாவி வெளிய எங்கயுமே இல்ல. கான்ஃபிக்குக்கு தனி ரிப்போ வச்சுக்கோங்க, ஒரே ரிப்போல வச்சா அந்த கமிட்டே அடுத்த பைப்லைனை கிளப்பும், அது இன்னொரு கமிட் போடும், சுத்திகிட்டே இருக்கும். சீக்ரெட்டை (பாஸ்வேர்ட் மாதிரி ரகசியம்) அப்படியே அந்த ரிப்போல போட்றாதீங்க, அதுல இருக்கற பேஸ்64ங்கறது எழுத்தை வேற மாதிரி எழுதறதுதான், பூட்டு கெடையாது, நாங்க என்க்ரிப்ட் பண்ணி வைக்கற சீல்டு சீக்ரெட்ஸ் யூஸ் பண்றோம்.

ஆர்கோல செல்ஃப் ஹீல் (கிளஸ்டர்ல கையால மாத்துனதை கிட்ல இருக்கற மாதிரி திருப்பறது) ஆன் பண்ணன்னிக்கு ஒரு தம்பி பழக்கத்துல எடிட் போட்டு ரெப்ளிக்காவை (பாடு எண்ணிக்கை) 4 ஆக்குனாரு, கண்ணு முன்னாடியே மறுபடி 2 ஆயிருச்சு. "அண்ணா, யாரோ மாத்தறாங்க"ன்னு பதறிட்டாரு. "கிட்ல போய் மாத்துப்பா, அது கேக்கும்"னு சொன்னேன். இப்ப ரோல்பேக்னா கிட் ரிவர்ட்தான், யார் எப்ப எதுக்கு பண்ணாங்கன்னு அதுலயே இருக்கும்.

டேட்டாபேஸ் மைக்ரேஷனை (டேபிள் அமைப்பை மாத்தறது) மட்டும் இது தானா பாத்துக்காது. ரோலிங் அப்டேட்ல பழைய பாடும் புது பாடும் கொஞ்ச நேரம் ஒண்ணா ஓடும், அப்ப டேபிள்ல ஒரு காலம் (column) பேரை மாத்துனா பழைய பாடு எல்லாம் எரர் அடிக்கும். புது காலம் சேத்து, ரெண்டுலயும் எழுதி, பழசை அடுத்த ரிலீஸ்ல எடுக்கறதுன்னு வச்சிருக்கோம். மெதுவான வழிதான், ஆனா பில் தொகைல நாங்க இனி ரிஸ்க் எடுக்கறதா இல்ல.

போன மாசம் இன்னொண்ணு கத்துகிட்டோம். ரெஜிஸ்ட்ரி டிஸ்க் நெறையுதுன்னு கடைசி 20 டேக்கை வச்சுட்டு மத்ததை அழிக்கற ஒரு ரூல் போட்டோம். டேக் எல்லாம் ஒரே ரிப்போ பில்டுல வர்றதால ரிப்போர்ட் சர்வீஸ் ஓட்டிட்டு இருந்த டேக் 20க்கு வெளிய போயிருச்சு, அது மாசக்கணக்கா மாறவே இல்ல. ஓடிட்டு இருந்த பாடுக்கு ஒண்ணும் ஆகல, நோடு மாத்துனப்பதான் புது எடத்துல இமேஜ்புல்பேக்ஆஃப், அதாவது இமேஜை இழுக்க முடியல. நல்லவேளை ஞாயித்துக்கெழமை, அதே கமிட்டை மறுபடி பில்ட் பண்ணி ஏத்திட்டோம். இப்ப அழிக்கற ஸ்கிரிப்ட் மொதல்ல கான்ஃபிக் ரிப்போவை படிச்சு, அதுல இருக்கற டேக் எதையும் தொடாம, அதுக்கு முந்தின 5 டேக்கையும் விட்டுட்டு மிச்சத்தைத்தான் அழிக்குது.